நீலம் பிடிக்கும் நேரம்

எண் 1147. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன், ஸ்லைடின் நுனியில், பென்சிலால். பேர் எழுதும் வழக்கம் இல்லை. பத்தொன்பது வருஷமாக இந்த லேபில் நான் யார் பேரையும் எழுதியதில்லை. பேர் ஃபாரத்தில் இருக்கும், ஃபாரம் ஸ்லைடைப் பார்த்து நோய் சொல்கிற டாக்டர் பியூலா மேஜையில் இருக்கும், எனக்கு வருவது ஒரு எண்ணும் ஃபார்மலினில் மிதக்கும் ஒரு துண்டும்தான். 1146 யாருடைய குடல்வாலோ. 1148 யாருடைய தைராய்டோ. நடுவில் இருக்கும் 1147 என் மகள். இல்லை, மகள் இல்லை. மகளின் வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பிலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு எடுத்த துண்டு. அதை மெழுகில் புதைத்து, இன்று காலை மெஷினில் சீவி, வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு ஏட்டை வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி எடுத்து, இதோ சூட்டுத் தட்டின் மேல் வைத்துவிட்டேன். அறுபது டிகிரி. இருபது நிமிஷம். மெழுகு உருகி வழிய வேண்டும். "அக்கா, நான் பண்ணுதேன், நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள் செல்வராணி, என்னோடு வேலை பார்க்கிற பெண், மூன்று வருஷ அனுபவம், கை சுத்தம், ஆனாலும் எலும்பு சீவினால் கிழித்துவிடுவாள். "உலகம்மா, இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் டாக்டர் பியூலா, காலையிலேயே. இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பிறத்தியார் வீட்டு எலும்பையெல்லாம் பக்குவமாகச் சீவிக் கொடுத்தவள், தன் வீட்டு எலும்பை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவாளா? சாரல் ஜன்னலில் அடிக்கிறது. இருபது நிமிஷம் என்பது இவ்வளவு நீளம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

சீவும்போது கை நடுங்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். நடுங்கும் என்றுதான் நினைத்தேன். பிளேடு ஏறியதும் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது, கைக்கு மதிஷாவைத் தெரியாது போலிருக்கிறது. மதிஷா. பதினாறு வயது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். ஓடியவள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்து, "அம்மா, காலு வலிக்கும்மா" என்றாள். நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வளர்ற வலிட்டி. எண்ணெய் தேச்சுட்டுப் படு." மறுநாளும் சொன்னாள், வளர்ற வலி. அடுத்த வாரமும் வளர்ற வலி. பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். வலி நின்றுவிட்டதாக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்தது. போன மாதம் அவளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனாள், நானும் பின்னால் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி அவர் பேனாவால் காட்டினார். "எலும்புக்கு மேல புதுசா எலும்பு வளருது பாருங்க. ஓடுறவங்களுக்கு மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் இப்படித் தெரியும். ஆனா பாப்பா ஓட்டத்த நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சுங்கா. நிறுத்துனா வலி கொறையணும். இவளுக்குக் கூடியிருக்கு." அப்புறம் அவர் சொல்லாமல் விட்டதை, பத்தொன்பது வருஷம் இந்த லேபில் இருந்த எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த வயதில், இந்த இடத்தில், முழங்காலைச் சுற்றித்தான் எலும்புப் புற்று வரும். வந்தால் மருந்து, வருஷக்கணக்காக மருந்து, காலைக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுவார்கள். முடியாவிட்டால் எடுப்பார்கள். அப்படி எடுத்த ஒரு கால் ஒருமுறை இங்கேயே வந்திருக்கிறது, துணியில் சுற்றி, எண் போட்டு. அந்த எண் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

மணி ஒலித்தது. சைலீனில் ஐந்து நிமிஷம், மறுபடி வேறு சைலீனில் ஐந்து. மெழுகு கரைந்து போகட்டும். இந்த வாசம் என் சேலையிலிருந்து போவதே இல்லை என்று வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்வார், பேருந்துப் பணிமனையில் டீசலும் கிரீசுமாக வருகிறவர், என் வாசத்தைக் குறை சொல்வார். போன ஆறு நாளாக அவர் குறை வேறு. "ஏளா, இன்னும் எத்தன நாளு?" முதல் நாள் மெதுவாகக் கேட்டார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டார். ஆறாம் நாள் கத்தியேவிட்டார். "அடுத்தவன் வீட்டு எலும்புன்னா ரெண்டு நாள்ல குடுத்துருவ. நம்ம பிள்ளைக்கு ஆறு நாளா?" எலும்பு மற்ற சதை மாதிரி இல்லை. அப்படியே சீவ முடியாது, பிளேடு பல்லிளிக்கும். அமிலத்தில் ஊறப்போட்டு அதிலிருக்கும் சுண்ணாம்பையெல்லாம் இறக்க வேண்டும், மாவடு உப்பில் ஊறுகிற மாதிரி அது தானாக இளக வேண்டும். வீரியமான அமிலம் இருக்கிறது, ஒரே நாளில் இளக்கிவிடும். மெதுவான அமிலம் இருக்கிறது, நாள் கணக்கில் ஆகும். நான் மெதுவானதில் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. அவள் காலுக்குள் அது இருக்குமானால் ஒவ்வொரு நாளும் அது வளரும், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆறு நாள் வைத்திருந்தேன். காலையில் வந்ததும் குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பேன், மாலையில் ஒருமுறை பார்ப்பேன். உள்ளே அந்தத் துண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி அடியில் கிடக்கும்.

அவருக்குப் பூலுடையாரைத் தெரியாது. யாருக்கும் தெரியாது, எனக்குத்தான் தெரியும். மதிஷா பதினோரு மாதக் கைக்குழந்தை அப்போது. சனிக்கிழமை. மார்பில் பால் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கல்லாக இருந்தது, ரவிக்கை நனைந்துவிட்டது. மேஜையில் ஒரு எலும்பு, ஒரு பெரியவரின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்தது. திங்கள்வரை அது என் தலையில் உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று வீரியமான அமிலத்தில் போட்டு, அதுவும் போதாதென்று வெந்நீர்த் தொட்டிக்குள் குப்பியை இறக்கி வைத்தேன். மாலைக்குள் வெண்ணெய் மாதிரி சீவ வந்தது. எனக்கு என்ன பெருமை! சாயம் போட்டுப் பார்த்தால் முழுக்க ரோஜா நிறம். நீலத்தில் ஒரு பொட்டு இல்லை. செல்களின் கூடு இருந்தது, கூட்டுக்குள் நீலம் பிடிக்கிற உட்கரு, நான் உயிர்ப்பொட்டு என்பேனே, அது இல்லை. அமிலம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. "இதுல நான் என்னத்தச் சொல்ல?" என்று டாக்டர் பியூலா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மறுபடியும் ஊசி குத்தி எடுக்க அந்தப் பெரியவரை வரச் சொன்னார்கள். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொடுக்கப் போனேன், தண்ணீரா கொடுக்கப் போனேன், முகத்தைப் பார்க்கப் போனேன். "எம்பேரு பூலுடையார்" என்றார் அவராகவே. "மொதத் துண்ட நாய் கீய் தூக்கிட்டுப் போயிருச்சோ தாயி?" என்று சிரித்தார், எனக்குத்தான் சிரிக்க வரவில்லை. இரண்டாவது துண்டில் பதில் கிடைத்தது, எலும்பு மச்சையில் புற்று. நடுவில் மூன்று வாரம் போயிருந்தது. அந்த மூன்று வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் அவருக்கு ஏதாவது நல்லது நடந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்கத் துணிவில்லை எனக்கு. இன்றுவரை கேட்கவில்லை. நான் பேர் தெரிந்துகொண்ட ஒரே எண் அவர்.

இனி ஆல்கஹால், பிறகு தண்ணீர், பிறகு நீலம். நீலத்தின் பேர் ஹெமடாக்சிலின். எங்கோ கடல் கடந்த நாட்டில் ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து எடுப்பதாம். ஒரு மரத்தின் சாயம், தென்காசியில் ஒரு பெண்ணின் எலும்புக்குள் உயிர்ப்பொட்டைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். ஸ்லைடை இறக்கிவிட்டேன். பத்து நிமிஷம். இந்தப் பத்து நிமிஷத்தில் நான் எதையும் நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், அதனால் எல்லாவற்றையும் நினைக்கிறேன். எலும்பு என்றால் கல் என்றுதான் வேலைக்குச் சேரும்போது நினைத்திருந்தேன். சுடுகாட்டில் மிஞ்சுவது, நாய் கவ்விக்கொண்டு ஓடுவது. சேர்ந்த புதிதில் ஒருநாள் டாக்டர் பியூலா கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினார். "இந்தா பாருங்க உலகம்மா, இந்தப் பெரிய செல்லு, அஞ்சாறு பொட்டு இருக்கு பாருங்க, இது எலும்பத் தின்னுது. பின்னாலயே வருதே, இது கட்டுது. ஒண்ணு தின்ன தின்ன ஒண்ணு கட்டிக்கிட்டே இருக்கும். உங்களுக்கும் எனக்கும் இப்ப இந்த நிமிஷமும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு." நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். உள்ளே யாரோ இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், எனக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடும் புதிதாகிவிடுமாம். அப்படியானால் கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்த எலும்பு இப்போது என்னிடம் இல்லை. அவரிடமும் இல்லை. இரண்டு பேரும் ஆளே மாறிவிட்டோம், சண்டை மட்டும் பழையதாக இருக்கிறது.

கட்டுகிற செல்களை நான் கொத்தனார் என்பேன், மனதுக்குள். அதில் சில கொத்தனார்கள் கட்டிக்கொண்டே வந்து, கடைசியில் தான் கட்டிய சுவருக்குள்ளேயே அகப்பட்டுவிடும். அகப்பட்டால் செத்துவிடும் என்றுதானே நினைப்போம். சாகாது. சுவருக்குள் இருந்துகொண்டு நாலா பக்கமும் மெல்லிய நூல் நூலாகக் கைநீட்டி, பக்கத்துச் சுவருக்குள் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளும். இருபது வருஷம்கூட அப்படியே இருக்குமாம். நாம் ஒரு அடி எடுத்து வைத்தால் எவ்வளவு கனம் இறங்கியது என்று அதற்குத் தெரியும். மாடிப்படி ஏறினால் தெரியும், ஓடினால் தெரியும். எங்கேயாவது மயிரிழை விரிசல் விட்டால் அதற்குத்தான் முதலில் தெரியும், அதுதான் ஆள் அனுப்பும், முதலில் தின்னிகள் வந்து கெட்டுப்போனதை அரித்துத் துப்புரவு செய்யும், பிறகு கொத்தனார்கள் வரும். எலும்புக்குள் இருந்துகொண்டே அது சிறுநீரகத்துக்கும் சேதி அனுப்புகிறதாம், எந்த உப்பை வைத்துக்கொள்ள வேண்டும், எதை வெளியே விட வேண்டும் என்று. உள்ளே மச்சையில் இரத்தம் ஊறிக்கொண்டிருக்கிறது, அதற்கு இடம் கொடுத்திருப்பதும் இவைதான். வயதானால் தின்னியின் கை ஓங்கும், கொத்தனார் சோர்ந்துபோவார், எலும்பு சல்லடையாகும். வேறெங்கோ பிறந்த புற்று எலும்புக்கு வந்து சேர்ந்தால் அது செய்கிற முதல் காரியம் தின்னிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதுதான். நோய்க்கென்று தனியாக ஆள் வெளியிலிருந்து வருவதில்லை, இருக்கிற ஆளைத்தான் அது வேலைக்கு வைத்துக்கொள்கிறது. ஆரோக்கியமும் அவர்களால்தான், சீக்கும் அவர்களால்தான். மதிஷாவின் காலில் யார் யாருக்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இப்போது கேள்வி. மணி அடித்துவிட்டது.

இப்போது குழாய். இந்த லேபில் இரண்டு குழாய் உண்டு, ஒன்று ஆற்றுத் தண்ணீர், ஒன்று போர் தண்ணீர். சாயத்தைக் கழுவ நான் போர் குழாயைத்தான் திறப்பேன். ஆற்றுத் தண்ணீரில் நீலம் சோம்பலாக வரும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த இந்தத் தண்ணீர், குடித்தால் வாய் கோணும், குளித்தால் முடி சிக்கும், இதில் காட்டினால்தான் செவலையாக இருக்கிற சாயம் கண்ணுக்கு முன்னாலேயே கறுநீலமாகத் திரும்பும். செல்வராணியிடமும் இதைத்தான் முதல்நாள் சொன்னேன், புத்தகத்தில் இல்லை, எழுதி வச்சுக்கோ. பத்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் நிற்க வேண்டும். சுண்ணாம்பு. எலும்பிலிருந்து சுண்ணாம்பு எல்லாம் இறங்கிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. ஊறுகிற அமிலத்தில் கொஞ்சம் எடுத்து, டியூபில் விட்டு, இரண்டு மருந்து சேர்த்தால், சுண்ணாம்பு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். கலங்காமல் தெளிவாக நின்றால் எலும்பு தயார். ஆறு நாளும் காலையில் அதைப் பார்த்தேன். முதல் நாள் டியூப் முழுக்கப் பால் வெள்ளை. இரண்டாம் நாளும் பால். அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்துவிட்டது, டியூபைத் தாங்கியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பால் கொடுக்கிற மாதங்களில் தாயின் எலும்பு கரைந்துதான் பாலுக்குப் போகிறதாம். தின்னிகள் மட்டும் அல்ல, சுவருக்குள் புதைந்து கிடக்கிற அந்தச் செல்களே, தங்களைச் சுற்றியிருக்கும் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக் கொடுக்குமாம், பிள்ளைக்காக. பால் மறக்கடித்த பிறகு திரும்பவும் பூசிக்கொள்ளுமாம். யார் அவற்றுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தத் தாயாவது கேட்டாளா? நான் அந்தச் சனிக்கிழமை மார்பு கனத்துக்கொண்டு எரிச்சலில் நின்றபோது என் எலும்பு எனக்குத் தெரியாமல் அவளுக்குத் தன்னைக் கரைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சுண்ணாம்பு அவள் காலுக்குப் போய், இப்போது டியூபில் வெள்ளையாக நிற்கிறதா என்று கேட்டால் டாக்டர் பியூலா சிரிப்பார், பதினாறு வருஷத்தில் அதெல்லாம் எப்பவோ மாறிப்போயிருக்கும் என்பார். போகட்டும். எனக்கு அந்த வெள்ளை அடையாளம் தெரிந்தது. ஐந்தாம் நாள் மங்கலாக ஒரு புகை மட்டும் இருந்தது. ஆறாம் நாள் தெளிந்துவிட்டது. அதன் பிறகுதான் மெழுகில் இறக்கினேன்.

ஸ்லைடைத் தூக்கிப் பார்க்கிறேன். நீலம் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கே தெரிகிறது, கரையோரம் ஊதுபத்திச் சாம்பலை விரலால் இழுத்த மாதிரி ஒரு நீலக் கோடு. பூலுடையாரே, நீலம் இருக்கிறது. செல்கள் சாகவில்லை. இனி ஈயோசின், ரோஜாச் சாயம், ஒரு நிமிஷம் போதும். அந்தக் கோடு என்ன கோடு என்பதுதான் கேள்வி. டாக்டர் பியூலா ஒருமுறை சொல்லியிருக்கிறார், "எலும்போட கரையில கொத்தனார்மாரு வரிசையா நிக்காங்களான்னு பாருங்க. நின்னா நல்லது, எலும்பு தன்னைத்தானே சரிபண்ணிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். வரிசை இல்லாம, எதுக்கும் கட்டுப்படாம, கண்ட இடத்துல கெடந்து கட்டுச்சுன்னா அங்கதான் பயம்." பந்தியில் உட்கார்கிற மாதிரி தோளோடு தோளாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை இல்லை. நான் சாயம் பார்ப்பவள், நோய் பார்ப்பவள் இல்லை. நிறம் ஏறியிருக்கிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா, கீறல் இருக்கிறதா, அவ்வளவோடு என் கண் நின்றுவிடும். நின்று நின்று பழகி, வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. போன வாரங்களில் அவள் காலுறையைத் துவைக்கும்போது ஒட்டுப்புல் விதை அப்பியிருந்தது. ஒவ்வொன்றாக நகத்தால் பிடுங்கிப் போட்டேன். ஒருநாள் அல்ல, பல நாள். எவ்வளவு விதை, எந்தப் பக்கம், எல்லாம் பார்த்தேன். வெள்ளைத் துணியில் கறை படியாமல் வந்துவிட்டதா என்று பார்த்தேன். ஓடாத பிள்ளையின் காலுறையில் எப்படி விதை வந்தது என்று மட்டும் பார்க்கவில்லை. இது இப்போது, ரோஜாச் சாயத்தில் ஸ்லைடு நிற்கும் இந்த ஒரு நிமிஷத்தில், எங்கிருந்து ஞாபகத்துக்கு வருகிறது? குளத்தங்கரையில்தான் அந்தப் புல் இருக்கிறது. பள்ளிக்கூட மைதானத்தில் கிடையாது. அவள் விடியற்காலை டியூஷன் என்று கிளம்புவாளே.

ஆல்கஹால், மறுபடி ஆல்கஹால், சைலீன். ஒரு சொட்டு பசை, மேலே மெல்லிய கண்ணாடி, குமிழ் இல்லாமல். குமிழ் இல்லை. நுண்ணோக்கியில் வைத்தேன். கண்ணை வைக்க ஒரு நிமிஷம் ஆனது, என் மூச்சே கண்ணாடியில் படிந்துவிட்டது, துடைத்தேன். முதலில் ரோஜா நிறத்தில் பழைய எலும்பு, கடற்கரை மணல் மாதிரி அடுக்கு அடுக்காக. அடுக்குகளுக்கு நடுவில் சின்னச் சின்னக் குழி, ஒவ்வொரு குழியிலும் ஒரு நீலப் பொட்டு. சுவருக்குள் இருப்பவர்கள். எல்லாரும் இருந்தார்கள், ஒருவர்கூடச் சாயம் போகவில்லை. நான் தட்டை நகர்த்தினேன். ஒரு விரிசல் தெரிந்தது, அதன் ஓரத்தில் ஐந்தாறு பொட்டுடைய தின்னி ஒன்று அரித்த பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. இன்னும் நகர்த்தினேன். புது எலும்பு, அவசரமாகக் கட்டியது, கோணல் மாணலாக. அதன் கரையைத் தேடினேன். கரையில், ஒரு இடம் விடாமல், தோளோடு தோளாக, நீலமாக, அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கரையிலும். எதிர்க்கரையிலும். நான் தட்டை நகர்த்த நகர்த்த வரிசை முடியவே இல்லை. எனக்குச் சத்தமாக என்னவோ வந்துவிட்டது வாயிலிருந்து, செல்வராணி ஓடிவந்து "என்னக்கா, என்னக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். என் கண்ணை நான் நம்பத் தயாராக இல்லை. தாய்க்காரி கண் எதையும் வரிசையாக்கிப் பார்க்கும். ஸ்லைடை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன், பத்தொன்பது வருஷத்தில் நான் எந்த ஸ்லைடையும் அப்படிக் கொண்டுபோனதில்லை.

டாக்டர் பியூலா நெடுநேரம் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார், மறுபடி சிறிதாக்கிப் பார்த்தார். நான் அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். "ஒடஞ்ச எலும்பு உலகம்மா" என்றார், கண்ணை எடுக்காமலே. "மயிரிழை வெடிப்பு. ஒட்டிக்கிட்டு இருக்கு. வேற ஒண்ணுமில்ல." "வேற ஒண்ணுமில்லையா டாக்டர்?" "வேற ஒண்ணுமே இல்ல." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எத்தன நாள் போட்டீங்க?" ஆறு நாள் என்றேன். "இவ்வளவு உசுரோட ஒரு எலும்பு என் கைக்கு வந்ததில்ல. ஒரு நாள்ல எரிச்சுக் கொண்டு வந்திருந்தீங்கன்னா, இந்தக் கோணல் எலும்ப மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன எழுதியிருப்பேனோ." என்னை உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நானே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஸ்லைடைக் கொஞ்சம் தள்ளி, "ஆனா ஒண்ணு" என்றார். "பழைய வெடிப்புக்குப் பக்கத்துலயே புது வெடிப்பும் இருக்கு. ஒட்ட ஒட்ட ஒடஞ்சிருக்கு. ரெண்டு மாசம் சும்மா இருந்த காலு இப்படி இருக்காது. பிள்ளை ஓட்டத்த நிறுத்தல." எனக்கு அந்த நேரத்தில் அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். அவள் வலிக்கிறது என்றபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதே நேரத்தில், அதே வீட்டில், அவள் காலுக்குள் சுவருக்குள் கிடந்த ஏதோ ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டது. கைநீட்டி ஆள் கூப்பிட்டது. அவள் காலையில் போய் ஓடி உடைத்துக்கொண்டு வருவாள், அவை பகலெல்லாம் ராவெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும், மறுநாள் அவள் மறுபடி உடைப்பாள், அவை மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளும் சலிக்கவில்லை. ஒரு நாளும் வளர்ற வலி என்று சொல்லவில்லை.

வராந்தாவுக்கு வந்து ஃபோன் போட்டேன். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். முதலில் வீட்டுக்காரருக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும், பணிமனையில் யார் தலையிலாவது ஸ்பேனரைப் போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் விரல் மதிஷாவைத்தான் கூப்பிட்டது. கட்டுப்போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டிலில் இருப்பாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "ஒண்ணுமில்லட்டி" என்றேன். "ஒண்ணுமே இல்ல. வெடிப்புதான். ஒட்டிரும்." அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம், அழட்டும் என்று விட்டேன், நானும் அழுதேன், வராந்தாவில் போகிறவர்கள் பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏட்டி, நீ ஓட்டத்த நிறுத்தவே இல்லல்லா?" என்று கேட்டேன். அழுகை நின்றுவிட்டது. சாரல் சத்தம் அவள் பக்கமும் கேட்டது, என் பக்கமும் கேட்டது. "யாரும்மா சொன்னா?" என்றாள், மிகவும் மெதுவாக.

"உன் எலும்புதான்" என்றேன். "அது உங்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு, எங்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. நாம ரெண்டு பேரும் கேக்கல."